நிலக்கரி எடுத்து முடித்த குழியை வயலாக்குவதா, காடாக்குவதா, ஏரியாக்குவதா?

ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் முடிவுக்கு வரும் காலத்தில், சுற்றியுள்ள ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு வைத்து நாலைந்து வரைபடங்களை விரிப்பார்கள். ஒன்றில் குழி இருந்த இடம் முழுக்க நீலம். ஓரத்தில் படகுத்துறையும் நடைபாதையும்கூட வரைந்திருக்கும். இன்னொன்று முழுப் பச்சை. அடுத்தது கட்டம் கட்டமாக வயல். கடைசியில் சூரியத் தகடுகள். "உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் நீலம்தான் ஜெயிக்கும். தண்ணீர் யாருக்குத்தான் பிடிக்காது?

இந்த இடத்தில் வந்து நிற்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இதில் சுற்றுச்சூழலுக்கு எது குறைந்த கெடுதல்? படத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குழியைப் பாருங்கள் என்பேன். பாதிப் பதில் அதன் ஆழத்திலும் அதிலிருந்து வெளியே வந்த பாறையிலும் இருக்கிறது. மீதிப் பாதி, முதல் நாள் வழித்தெடுத்த மேல்மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்பதில் இருக்கிறது. எரித்த நிலக்கரியின் புகைக்கு இந்த வழிகள் எதிலும் பரிகாரம் கிடையாது. இங்கே பேசுவது நிலத்தையும் நீரையும் பற்றி மட்டும்.

## எதை வைத்து எடை போடுவது

மண் கணக்கு. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் சுரங்கத்தில் ஓவர்பர்டன் என்பார்கள். வெட்டி உடைத்தால் அது உப்பிப் பருமன் கூடும். எவ்வளவு என்பது பாறையைப் பொறுத்தது. இப்போதைக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மேலே 40 மீட்டர் ஓவர்பர்டன், அடியில் 10 மீட்டர் நிலக்கரி என்றால், நிலக்கரி போன பிறகு 50 மீட்டர் குழிக்கு 48 மீட்டர் மண் கையில் இருக்கிறது. கிட்டத்தட்டப் பழைய மட்டம். அதையே மாற்றிப் போடுங்கள்: மேலே 20 மீட்டர், அடியில் 40 மீட்டர் நிலக்கரி. இப்போது 60 மீட்டர் குழிக்கு இருப்பது 24 மீட்டர் மண். மீதி 36 மீட்டரை எந்தச் சட்டம் போட்டும் நிரப்ப முடியாது.

ஆஸ்திரேலியாவின் லேட்ரோப் பள்ளத்தாக்கு இந்த இரண்டாவது வகை. பழுப்பு நிலக்கரி மிகத் தடிமன், மேலே மண் கொஞ்சம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நேர்மாறு. நிலக்கரி மெல்லிய அடுக்கு, மேலே மலையே ஓவர்பர்டன். உப்பிய பாறைக்கு இடம் போதாமல் பக்கத்து ஓடைப் பள்ளங்களில் தள்ளி, ஓடைகளையே புதைத்துவிட்டார்கள்.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. முதல் வெட்டில் எடுத்த மண்ணுக்குக் குழிக்குள் இடம் இருக்காது. அது வெளியே மேடாகப் போய்விடும். அடுத்தடுத்த வெட்டுகளின் மண் முந்தைய பள்ளத்தை நிரப்பிக்கொண்டே வரும். ஆகவே மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும் கடைசி வெட்டின் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அதற்கான மண் பல கிலோமீட்டர் தள்ளி மேடாகக் கிடக்கும். அதைத் திரும்ப வாரி வருவது அதே மண்ணுக்கு இரண்டாம் முறை டீசல் ஊற்றுவது.

அமிலம். பாறையில் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது இருந்தால், ஆழத்தில் புதைந்து கிடக்கும்வரை அது சாது. காற்றும் தண்ணீரும் பட்டதும் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகும். இரும்பை வைத்துப் பிழைக்கும் ஒருவகை பாக்டீரியா அந்த வேலையைப் பல மடங்கு வேகமாக்கும். ஓடைக் கற்களில் காவிக் குழம்பு பூசியது போல் படிவது இந்த இரும்புதான்.

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: 1000 டன் பாறையில் 1 சதவீதம் பைரைட் கந்தகம் இருந்தால், உண்டாகும் அமிலத்தைச் சமன்செய்ய 31.25 டன் சுண்ணாம்புக்கல் தேவை. அந்தச் சுண்ணாம்பு பாறையிலேயே கலந்திருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் யாராவது வாங்கிக் கொட்ட வேண்டும். ஆய்வறிக்கை கைக்கு வரும்வரை நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். கோடையில் மண்மேட்டின் பக்கம் போய், உதிர்ந்து கிடக்கும் கறுப்புக் களிப்பாறைத் துண்டுகளைப் புரட்டுங்கள். வெடிப்புகளில் மஞ்சளும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தால், அதைச் சுரண்டிக் கொஞ்சம் மழைநீரில் கலக்கி, பள்ளிக்கூட பிஹெச் தாளை முக்குங்கள். தாள் சிவந்தால் வரைபடத்தின் நிறம் எதுவானாலும் முதல் பேச்சு சுண்ணாம்பைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

நிலத்தடி நீர். சுரங்கம் ஓடும்வரை பம்பு ஓடும். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியிலேயே அழுத்தத்தோடு நிற்கும் நீர் இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் அங்கே தோண்டவே முடியாது. பம்பை நிறுத்திய நாளிலிருந்து அந்த நீர் மெல்ல ஏறத் தொடங்கும். எந்த மட்டம்வரை ஏறும், வருகிற வழியில் எதைக் கரைத்துக்கொண்டு வரும் என்ற இரண்டுக்கும் பதில் இல்லாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது.

யார் பணம், எத்தனை வருஷம். அமெரிக்காவில் 1977-ல் வந்த மேற்பரப்புச் சுரங்கச் சட்டம், தோண்டும் முன்பே பிணைத்தொகை கட்டச் சொல்கிறது. விதைப்பும் நடவும் முடிந்த பிறகு மழை உள்ள பகுதிகளில் 5 ஆண்டுகள், ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள பகுதிகளில் 10 ஆண்டுகள் நிறுவனம் பொறுப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அமிலத்துக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. பைரைட் தீரும்வரை அது வடிந்துகொண்டே இருக்கும்.

## வயலாக்குவது

இதில் பேர் வாங்கியது ஜெர்மனியின் ரைன்லாந்து. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே லோயஸ் என்ற காற்றடி வண்டல் தடிமனாகக் கிடக்கிறது. அதைத் தனியாக எடுத்து, நிரப்பிய நிலத்தின் மேல் சுமார் 2 மீட்டர் தடிமனுக்குப் பரப்புகிறார்கள். முதல் சில ஆண்டுகள் குதிரைமசால் விதைத்து, அதன் ஆழமான வேர்களைக் கொண்டு மண்ணைத் திறந்துவிடுகிறார்கள். 7 ஆண்டுகள் நிறுவனமே பண்ணையம் பார்த்த பிறகுதான் நிலம் விவசாயி கைக்குப் போகிறது. மண் நல்ல மண், அளவும் தாராளம், அவசரமும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

பெரும்பாலான இடங்களில் நடப்பது வேறு. மேல்மண்ணைச் சுரண்டி உயரமாகக் குவித்து வருஷக்கணக்கில் விட்டுவிடுவார்கள். குவியலின் உள்ளே காற்று போகாது. மண்புழு, வேரோடு உறவாடும் பூஞ்சை, விதை எல்லாம் அழிந்துபோகும். பிறகு அதை எடுத்துப் பரப்பும்போது நிறம் மட்டும் மேல்மண்ணாக இருக்கும். எடுத்த மண்ணைக் குவிக்காமல் அன்றைக்கே பின்னால் நிரம்பிய பகுதியில் பரப்புவதுதான் சரியான வழி. அதற்குச் சுரங்கத்தின் வெட்டு வரிசையே அப்படித் திட்டமிடப்பட்டிருக்க வேண்டும். மூடுகிற நேரத்தில் யோசித்தால் காலம் கடந்துவிட்டது.

அடுத்த மறைவுச் செலவு இறுக்கம். டிப்பரும் புல்டோசரும் மேலே ஓடி ஓடி மண் சிமெண்டுத் தரை போல் ஆகியிருக்கும். மீட்ட வயல் என்று காட்டினால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். மண்வெட்டி 'டங்' என்று திரும்பி வருகிறதா பாருங்கள். தோண்ட முடிந்தால், மாலையில் குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் வந்து பாருங்கள். ஊற்றியது அப்படியே நின்றால் அங்கே வேர் இறங்காது, மழையும் இறங்காது. மூன்றாவது, நிரப்பிய மண் சமமாக அமுங்குவதில்லை. சில ஆண்டுகளில் வயல் நடுவே பள்ளம் விழும், வரப்பும் வாய்க்காலும் கோணும்.

அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. முதல்தர விளைநிலத்தைத் தோண்டினால், தோண்டாத நிலத்தில் வரும் அளவு விளைச்சலை எடுத்துக் காட்டினால்தான் பிணைத்தொகை முழுதாகத் திரும்பும். பசுமை தெரிகிறதா என்பதல்ல, மூட்டை எத்தனை என்பதே கேள்வி.

எப்போது இதுவே நல்லது: மண் கணக்கு சரியாக இருக்கும்போது, பாறையில் அமிலம் இல்லாதபோது, மேல்மண் உயிரோடு கைவசம் இருக்கும்போது, நிலத்தை இழந்தவர்கள் விவசாயிகளாகவே திரும்பி வர விரும்பும்போது.

## காடாக்குவது

1977 சட்டத்துக்குப் பிறகு அப்பலாச்சியாவில் ஒரு விநோதம் நடந்தது. மண்சரிவுக்கும் அரிப்புக்கும் பயந்து, நிரப்பிய சரிவுகளை புல்டோசரால் நன்றாக அமுக்கி, வேகமாகப் பரவும் புல்லை விதைத்தார்கள். பார்க்க வழவழவென்று பச்சைக் கம்பளம். அதிகாரி வந்து பார்த்தால் திருப்தி. ஆனால் மரம் வரவில்லை. இறுகிய மண்ணில் வேர் போகவில்லை, போன கொஞ்சத்தையும் புல் அமுக்கிவிட்டது. காடு இருந்த மலையில் பல பத்தாண்டுகளாகப் புல்வெளி மட்டும்.

2004-ல் அரசுத் துறைகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து அந்தப் பகுதிக்கென ஒரு காடு மீட்பு முயற்சியைத் தொடங்கினார்கள். அதன் சாரம் எளிது. குறைந்தது 4 அடிக்கு வேர் இறங்கத்தக்க மண்ணோ நொறுங்கிய பாறையோ போடு. அதை அமுக்காமல் தளர்வாக விடு. வேகப் புல்லைத் தவிர். சீக்கிரம் வளர்ந்து நிழலும் சத்தும் தரும் மரங்களையும் நீண்டகால மரங்களையும் சேர்த்து நடு. நடுவதை ஒழுங்காக நடு. புல்டோசர் ஓட்டம் குறைவதால் இது மலிவும்கூட. வேலையைக் குறைத்தால் பலன் கூடுகிற காரியம் இந்தத் தொழிலில் வேறு இல்லை. இதில் கஷ்டம் பழக்கத்தில்தான். இருபது வருஷம் தரையைச் சமன்செய்தே பேர் வாங்கிய ஓட்டுநரிடம் "கரடுமுரடாக விட்டுவிட்டுப் போ" என்றால் அவருக்குக் கை வராது.

முதல் நாலைந்து ஆண்டுகள் அந்த இடம் பார்க்கச் சகிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படம் எடுத்துப் போடுவதற்காக, ஒரே இன வேகமரத்தை வரிசையாக நட்டு அதையே காடு என்று கணக்கில் ஏற்றுவது இங்கேதான் நடக்கும். எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்காதீர்கள்; ஐந்தாம் வருஷம் எத்தனை நிற்கிறது, எத்தனை இனம் என்று கேளுங்கள். ரைன்லாந்தின் ஹாம்பாக் சுரங்கத்திலிருந்து வந்த மண்ணால் எழுந்த சோஃபியன்ஹோஹே மேட்டில் 1970-களின் கடைசியிலிருந்து மரம் நட்டு வருகிறார்கள். இன்று அது ஒரு காட்டு மலை. அவ்வளவு காலம் பிடிக்கிறது.

மேட்டைக் காடாக்குவதில் மரத்தால் தீராத ஒரு விஷயமும் உண்டு. 1966-ல் வேல்ஸின் ஏபர்ஃபேனில் சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேரைக் கொன்ற கழிவுமேடு, நீரூற்றின் மேல் கொட்டப்பட்டது. அது அடிநிலச் சுரங்கத்தின் கழிவு என்றாலும் பாடம் இங்கும் அதேதான். மேட்டின் அடியில் தண்ணீர் ஓடினால் மேலே என்ன நட்டாலும் பிடித்து நிறுத்தாது.

எப்போது இதுவே நல்லது: வெளி மண்மேடுகளுக்கும் சரிவான நிலத்துக்கும் கிட்டத்தட்ட எப்போதும். நல்ல மேல்மண் இல்லாத இடத்திலும் வயலைவிட இதற்கு வாய்ப்பு அதிகம். உடனே வருமானம் தேவைப்படும் குடும்பங்களுக்கு மட்டும் இது பதிலாகாது.

## ஏரியாக்குவது

மண் பற்றாத குழிக்குக் கடைசியில் இதுதான் வந்து சேரும். விரும்பித் தேர்ந்தெடுத்தாலும் சரி, வேறு வழியில்லாமல் வந்தாலும் சரி, ஆபத்துகள் ஒன்றுதான்.

பம்பை நிறுத்திவிட்டால் குழி தானாக நிரம்பும், செலவே இல்லை என்று தோன்றும். அதுதான் மோசமான வழி. மெதுவாக ஏறும் நிலத்தடி நீர், பக்கத்து உடைமண்ணில் உள்ள அமிலத்தையும் இரும்பையும் கழுவிக்கொண்டு குழிக்குள் வரும். ஆற்று நீரைத் திருப்பி வேகமாக நிரப்பினால், ஏரியின் நீர்மட்டம் நிலத்தடி மட்டத்தைவிட மேலே நிற்கும். நீர் ஏரியிலிருந்து வெளிப்பக்கம் போகும், அமிலம் உள்ளே வருவது குறையும், சரிவுகளுக்கும் முட்டுக் கிடைக்கும்.

கிழக்கு ஜெர்மனியின் லுசாட்டியாவில் இந்த இரண்டையும் பார்க்கலாம். அங்கே பழைய குழிகளை நிரப்பித் தொடர் ஏரிகளாக்கியிருக்கிறார்கள். 1967-ல் நிரப்பத் தொடங்கிய சென்ஃப்டன்பெர்க் ஏரியில் 1973-லிருந்து மக்கள் குளிக்கிறார்கள். இந்தப் படத்தைத்தான் எல்லாக் கூட்டத்திலும் காட்டுவார்கள். அதே வட்டாரத்தில் பிஹெச் 3 அளவுக்கு, கிட்டத்தட்ட வினிகர் போலப் புளித்துப்போன ஏரிகளும் உண்டு. அவற்றில் படகு ஓடுகிறது. உல்லாசப் படகு அல்ல, சுண்ணாம்புக் கரைசலைத் தூவிக்கொண்டே போகும் படகு. ஒரு முறை தூவினால் தீராது, சில ஆண்டுகளில் திரும்பவும் வர வேண்டும். வெளியேறும் இரும்பால் ஸ்ப்ரே ஆற்றின் சில பகுதிகள் பழுப்பாக ஓடுகின்றன.

அடுத்தது கரை. தளர்வாகக் கொட்டிய மணல் நீரில் ஊறினால் ஒரு சிறு அதிர்வில் கூழாகிவிடும். 2009 ஜூலையில் ஜெர்மனியின் நாஹ்டர்ஷ்டெட் ஊரில், நிரம்பிக்கொண்டிருந்த கன்கார்டியா ஏரியின் கரை வீடுகளோடு சேர்ந்து உள்ளே போனது. மூன்று பேர் இறந்தார்கள். ஏரி பத்து ஆண்டுகள் மூடிக் கிடந்து 2019-ல்தான் ஒரு பகுதி திறந்தது. 2010-ல் லுசாட்டியாவின் ஸ்ப்ரேட்டால் அருகே, மீட்கப்பட்டது என்று எண்ணியிருந்த நிலம் 100 ஹெக்டேருக்கு மேல் ஒரேயடியாகச் சரிந்தது. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் காடாகவும் வயலாகவும் இருந்த பெரும் பரப்புகளுக்குள் யாரும் போகக் கூடாது என்று தடை போட்டார்கள். வரைபடத்தில் கரையோர நடைபாதை வரைவது எளிது. அந்தக் கரையை ஆழம்வரை அதிர்வு கொடுத்து இறுக்கும் செலவு படத்தில் தெரியாது.

மூன்றாவது, தண்ணீர் யாருடையது? 1 சதுர கிலோமீட்டர் ஏரி, மழையில் வந்தது போக ஆண்டுக்கு 1 மீட்டர் ஆவியாக இழந்தால் அது 100 கோடி லிட்டர். நிரம்பிய பிறகும் வருஷாவருஷம் இந்தக் கடன் உண்டு. வறண்ட நாட்டில் வெளியேற்றமில்லாத குழியேரி மெல்ல மெல்ல உப்பேறும். ஹாம்பாக் போன்ற 400 மீட்டர் ஆழக் குழிக்கு ரைன் நதியிலிருந்தே குழாய் போட்டு நீர் கொண்டுவரத் திட்டம். அப்படியும் நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் எத்தனை வறட்சி வரும்?

ஏரிக்குச் சாதகமான ஒரு வலுவான காரணத்தையும் மறைக்கக் கூடாது. குழியின் சுவரில் நிலக்கரி வெளியே தெரிந்துகொண்டிருந்தால் அது தீக்கிடங்கு. லேட்ரோப் பள்ளத்தாக்கின் ஹேசல்வுட் சுரங்கத்தில் 2014 பிப்ரவரியில், வேலை முடிந்துபோன பகுதியின் சுவர்களில் பற்றிய தீ 45 நாள் எரிந்தது. பக்கத்து மோர்வெல் ஊர் முழுக்கப் புகை. அந்த மாதிரிக் குழியில் சுவரை மண்ணால் மூட வேண்டும், அல்லது தண்ணீரால் மூட வேண்டும். மண் இல்லாத இடத்தில் தண்ணீர்தான்.

எப்போது இதுவே நல்லது: மண் பற்றாத ஆழக் குழி, பக்கத்தில் உண்மையிலேயே உபரி ஓடும் ஆறு, கரையை இறுக்கக் கையில் பணம், ஐம்பது வருஷம் கழித்தும் சுண்ணாம்புப் படகை அனுப்பப் பொறுப்பான ஓர் அமைப்பு. நான்கில் ஒன்று இல்லையென்றாலும் நான் தயங்குவேன்.

## சாம்பலால் நிரப்புவது

அனல்மின் நிலையத்துக்குச் சாம்பலைப் போட இடமில்லை, சுரங்கத்துக்கு நிரப்ப மண் இல்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். சில சாம்பல் காரத்தன்மை உள்ளது, அமிலத்தைக் கொஞ்சம் அடக்கவும் செய்யும். ஆனால் அதில் ஆர்சனிக், செலினியம், போரான் இருக்கின்றன. இறைப்பு நடக்கும்வரை சாம்பல் உலர்ந்து கிடக்கும், கிணறுகளில் ஒன்றும் தெரியாது. நிலத்தடி நீர் திரும்பி ஏறிச் சாம்பலைத் தொட்ட பிறகுதான் சோதனையே ஆரம்பம். அப்போது கண்காணிப்புக் காலம் முடிந்திருக்கும்.

ஏறி நிற்கப்போகும் நீர்மட்டத்துக்கு மேலே, அந்தந்தச் சாம்பலைக் கரைத்துச் சோதித்த பிறகு என்றால் யோசிக்கலாம். மட்டத்துக்குக் கீழே என்றால் வேண்டாம்.

## சூரியத் தகடு

இதைத் தனி வழியாகவே நான் எண்ணுவதில்லை. அடியில் அமிலம் வடிந்தால் மேலே தகடு இருந்தாலும் வடியும். நிரப்பிய நிலம் அமுங்குவதால் தகட்டின் கால்களும் சாயும். ஆழத் தூண் இறக்காமல் எடைக்கட்டைகளில் நிறுத்த வேண்டிவரும். எதுவும் சரியாக விளையாத நிலத்தில், மேலே சொன்ன வேலைகள் முடிந்த பிறகு, சரி, போடட்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் குழி | கண்ணில் படாத செலவு | கைவிட வேண்டிய அறிகுறி |
|---|---|---|---|
| வயல் | ஓவர்பர்டன் தாராளம், நல்ல மேல்மண் | இறுக்கம் நீக்குதல், பல ஆண்டுப் பயிர்ச்சுழற்சி, அமுங்கும் பள்ளங்கள் | மேல்மண் பல ஆண்டு குவியலில் கிடந்தது |
| காடு | சரிவு, வெளி மேடு, மேல்மண் குறைவு | நட்டதைக் காப்பாற்றும் ஆண்டுகள் | மேட்டின் அடியில் ஊற்று, கடும் அமிலப் பாறை |
| ஏரி | மண் பற்றாத ஆழக் குழி | ஆவியாகும் நீர், கரை இறுக்கம், தீராத சுண்ணாம்பு | உபரி ஆறு இல்லை |
| சாம்பல் | நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் குழி | நீண்டகால நீர்ச் சோதனை | பக்கத்தில் குடிநீர்க் கிணறுகள் |
| சூரியத் தகடு | விளையாத சமநிலம் | சாயும் அடித்தளம் | அமிலம் இன்னும் வடிகிறது |

பெரும்பாலும் ஒரே சுரங்கத்தில் இரண்டு மூன்று வழிகள் கலந்தே வரும். வெளி மேடு காடாகும், உள்ளே நிரம்பிய பகுதி வயலாகும், கடைசிப் பள்ளம் சிறிய ஏரியாகும். அந்தக் கடைசிப் பள்ளம் எவ்வளவு சிறியதாகிறது என்பதை வைத்தே மொத்தத் திட்டத்துக்கும் நான் மதிப்பெண் போடுவேன். சுரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதைச் சுருக்க இப்போதே வழியுண்டு. வெளி மேட்டுக்குப் போகும் மண்ணைக் குறைத்து, வெட்டு முன்னேற முன்னேறப் பின்னால் நிரப்பச் சொல்லலாம். இந்த வருஷம் எத்தனை ஹெக்டேர் தோண்டினீர்கள், எத்தனை ஹெக்டேர் மூடினீர்கள் என்ற இரண்டு எண்களை ஆண்டுதோறும் ஊர்ச்சுவரில் எழுதச் சொல்லலாம்.

கூட்டத்துக்குப் போகும்போது நான்கு தாள்களைக் கேளுங்கள்: மண் வரவு செலவு, துளையிட்டு எடுத்த பாறையின் அமிலச் சோதனை, பம்பை நிறுத்திய பிறகு நீர் ஏறும் கணிப்பு, பிணைத்தொகை எவ்வளவு, அது யார் பெயரில் இருக்கிறது என்ற கணக்கு. நீல வரைபடத்தைக் காட்டுபவரிடம் கூடுதலாக ஒன்று: நிரம்ப எத்தனை வருஷம், எந்த ஆற்று நீர், மழை பொய்த்த ஆண்டில் அந்த நீர் முதலில் யாருக்கு? இதற்கு எழுத்தில் பதில் வந்தால் படகுத்துறையை எந்தப் பக்கம் கட்டலாம் என்று பேசத் தொடங்கலாம்.